பொயிலர் நின்ற பொங்கல்

எனக்குச் சகலன் மேல் பொறாமை. இதை நாகரிகமாக வேறு விதத்தில் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. காந்தன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட இளையவன். குட்மேய்ஸில் சொந்த வீடு, பின்பக்கம் வழுவழுவென்று கல் பதித்த முற்றம், தலை நிறைய முடி. (என் தலைக்கு நாங்கள் இருக்கும் நோர்பரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது என் கட்சி.) மூத்த மருமகன் நான்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி எங்களுக்குப் போன் எடுத்தால், பேச்சே "காந்தன் தம்பி சொன்னவர்" என்றுதான் தொடங்கும்.

அந்த வருடம் மாமி விசிட் விசாவில் வந்திருந்தார். மார்கழி முழுக்கக் காந்தன் வீட்டில் இருந்துவிட்டு, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் எங்களிடம் வந்தார். ஊருக்கு விமானம் ஏறும் வரை எங்கள் வீட்டில்தான் நிற்பது என்று ஏற்பாடு. அதற்குள் அவரை எப்படியாவது அசத்திவிட வேண்டும். "மூத்த மருமகன் வீடு மாதிரி வராது" என்று அவர் ஊரில் போய் ஒரு தடவை சொன்னால் போதும், என் ஜென்மம் சாபல்யம் அடைந்துவிடும்.

அதற்கு முந்தின பொங்கல் காந்தன் வீட்டில் நடந்தது. கல் முற்றத்தில் பானை பொங்கும் படத்தை அவன் குடும்பக் குரூப்பில் போட்டான். கனடாவிலிருந்து அவுஸ்திரேலியா வரை இதயங்கள் பொழிந்தன. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இதயம் போட்டேன்.

இந்த முறை பொங்கல் என் வீட்டில். முதல் நாள் பின்னேரம் பின்வளவில் நின்று, பானை வைக்கப்போகும் இடத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பானைக்கு நேர் பின்னால் ஒரு சனியன் தொங்கியது. சமையலறைச் சுவரிலிருந்து வெளியே வந்து வடிகானுக்கு இறங்கும் குழாய். அதன் மேல் கறுப்பு நுரை உறை, அதைச் சுற்றிப் பாதி உரிந்த டேப்.

அது வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணீரும் தரும் பொயிலரின் குழாய். பொயிலருக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகி, இந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறும். குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து வழியை அடைத்தால் பொயிலர் தானாகவே நின்றுவிடும். அதற்காகத்தான் அந்த உறை. பொயிலரைப் பொருத்திவிட்டுப் போனவர் இதையெல்லாம் ஆறுதலாக விளக்கியிருந்தார். நான் நன்றாகத் தலையாட்டினேன். (அந்த நேரம் முழுக்கக் காந்தனுடைய பொயிலர் இதைவிடப் பெரிதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.)

நான் டேப்பை உரிப்பதை மனைவி வதனி கதவடியில் நின்று பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? அதைக் கழட்டக்கூடாது எண்டெல்லே அந்த மனுசன் சொன்னவர்?"

"ஒரு ராத்திரிக்கு ஒண்டும் வராது. நாளைக்குப் படம் எடுத்த உடனே திருப்பிப் போடுறன்."

"இண்டைக்கு மைனசுக்குப் போகுதாம்."

"குழாய்க்குச் சளி பிடிக்காது. நீர் போய் அரிசியைப் பாரும்."

உறையை ஷெட்டுக்குள் எறிந்தேன். வெள்ளைக் குழாயைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். கரும்பு கட்டுவதற்கு ஒரு கம்பமும் தேடிக்கொண்டிருந்தேன், அதுவும் கிடைத்துவிட்டது. கரும்பும் குழாயும் கட்டிப்பிடித்து நின்ற அழகில் எனக்கே கண் கலங்கியது.

காலையில் பானை வைப்பதற்கு முன் எல்லோரும் முழுக வேண்டும். முதலில் மாமி போனார். அவர் தலை நிறைய ஷாம்பூ போட்ட நேரம் பார்த்துச் சமையலறையில் பொயிலர் குபுகுபுவென்று கொப்பளித்தது, ஏதோ ஒரு பழுது எண்ணைத் திரையில் காட்டியது, நின்றது. மேலே குளியலறைக் கதவு படாரென்று திறந்தது.

மாமி நுரையோடு துவாயைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பல் தந்தியடித்தது.

"தம்பி, ஊரிலை கிணத்துத் தண்ணியே இதைவிடச் சூடு."

வதனி சுடுதண்ணிப் பை ஒன்றை நிரப்பித் தாயின் மடியில் வைத்தாள். கேத்திலில் திரும்பவும் தண்ணீர் சுடவைத்துத் தலையைக் கழுவிவிட்டாள். சரியாக அந்த நேரத்தில் காந்தன் குடும்பம் வந்து இறங்கியது. அவன் முழுகி, திருநீறு பூசி, தலைமுடி பளபளக்க வந்து நின்றான். பொயிலரைப் பார்த்தான். பின்வளவுக்குப் போனான். கரும்பை விலக்கிக் குழாயைத் தட்டினான்.

"அண்ணை, இதின்ரை உறை எங்கை?"

"காத்து கொண்டுபோட்டுதடா."

வதனி ஷெட்டுக்குள் போய், உறையை எடுத்து வந்து காந்தன் கையில் கொடுத்தாள்.

என் வீட்டுக் குழாயை அவன் சரிசெய்து பேர் வாங்குவதா? கேத்திலோடு ஓடினேன். காந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கொதிதண்ணி ஊத்தினால் குழாய் வெடிச்சிடும், அண்ணை. இளஞ்சூடு காணும். சுடுதண்ணிப் பை ஏதும் இருக்கோ?"

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். கம்பளிக்குள் சுருண்டிருந்த மாமி, மடியிலிருந்த பையை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி. என்னைவிட அதுக்குத்தான் கூடக் குளிருது."

காந்தன் அந்தப் பையைக் குழாயோடு சேர்த்துக் கட்டினான். கொஞ்ச நேரத்தில் வடிகானுக்குள் பனிக்கட்டித் துண்டொன்று விழ, பின்னால் தண்ணீர் கலகலவென்று ஓடியது. அவன் உள்ளே போய்ப் பட்டனை அமத்தினான். பொயிலர் உறுமியது. நானும் கைதட்டினேன், என்ன செய்வது. பிறகு கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழாயைக் கழுவித் துடைத்து, உறையைப் போட்டு, புது டேப்பும் சுற்றிவிட்டான். அவன் காரில் டேப் வைத்திருக்கிறான். என்ன மனிதன் காரில் டேப் வைத்திருப்பான்?

பொங்கலும் பொங்கியது, படமும் எடுத்தோம். பின்னேரம் காந்தன் காரைத் திருப்பியபோது, முன் சீட்டில் மாமி இருந்தார்.

"ரெண்டு நாள் நிண்டிட்டு வாறன், தம்பி. குறை நினையாதையுங்கோ."

விமானம் ஏறும் வரை குட்மேய்ஸில்தான் இருந்தார். விமான நிலையத்துக்கும் காந்தனே கூட்டிப்போனான். நான் பஸ்ஸும் ரயிலும் பிடித்துப் போய்க் கையசைத்தேன்.

இப்போதும் குளிர் தொடங்கினால் மாமி இரண்டு வீட்டுக்கும் போன் எடுப்பார். காந்தனிடம், "சாப்பிட்டீங்களோ தம்பி? உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்பாராம். என் முறை வரும்போது வதனி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுவாள். வீடே போனைச் சுற்றிக் கூடிவிடும்.

"தம்பி, குழாய் சுகமா இருக்குதோ?"