பெரியவருக்குப் பெயின்ட் அடித்த விவரம்

அன்பும் பாசமும் குறையாத என் மச்சினனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது.

நானும் உன் அக்காவும் சுகம். நீயும் கப்பலில் சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதத்தை இஞ்சின் ரூமில் நின்றுகொண்டு படிக்காதே. வேலை முடிந்து, குளித்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து படி. கையில் ஸ்பானர் சுத்தியல் எதுவும் இருக்க வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அக்காவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. உன் மாடி அறையிலும் அனைவரும் நலம். ராக்கெட் நலம், பறக்கும் தட்டு மூன்றும் நலம், சாவி கொடுத்தால் வாயில் நெருப்புப் பொறி விடும் அந்தக் குள்ள ரோபோ நலம். பெரியவரும் நலம்தான். சொல்லப்போனால் முன்னைவிட ரொம்ப நலம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெரியவர் என்று பெயர் வைத்து ஒரு முழ உயரத் தகர ரோபோ ஒன்றுக்கு நீங்கள் கொடுக்கிற மரியாதையை இந்த வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. பழைய பொம்மை சேர்க்கிற உன் சங்கத்துக்காரர்கள் போன் செய்தால் முதல் கேள்வியே "பெரியவர் எப்படி இருக்கார்?" என்பதுதான். போனை எடுத்தவன் இருக்கிறானா போய்விட்டானா என்று கேட்க ஆள் கிடையாது. போகட்டும். இந்த வருடக் கண்காட்சியில் பெரியவரை நடு மேசையில் வைப்பார்கள், சங்கமே எழுந்து நிற்கும், நீ உன் கையால் சாவி கொடுப்பாய், அவர் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார், அதற்காக ஒன்பது வருடம் காத்திருந்தாய், அதற்காகத்தான் லீவே போட்டிருக்கிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உன் அக்கா உன்னைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது என்பதும் தெரியும். நீ வருகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து உன் கட்டில் விரிப்பை மூன்று முறை துவைத்துவிட்டாள். யாரும் படுக்காத விரிப்பு, அது என்ன பாவம் செய்தது.

நடு மேசையில் வைப்பதற்கு முன்னால் சங்கத் தலைவரான பல் டாக்டர் வீட்டுக்கு வந்து பெரியவரைப் பார்த்துவிட்டுப் போவார் என்றும், நான் அறையைத் திறந்துவிட்டால் போதும் என்றும் எழுதியிருந்தாய். திறந்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முதல் நாள் சாயங்காலம் தூசி தட்டப் போனபோதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். மார்பில் துரு, மூக்கில் நசுங்கல், முதுகில் பெயின்ட் பொரிந்து கிடக்கிறது. பெரிய மனிதர்கள் வருகிற வீட்டில், முப்பது வருடமாக வண்டிக்கு டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடிக்கிற ஒருவன் வீட்டில், இப்படி ஒரு கோலத்தில் நிற்க வைத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள். கதவில் நீ ஒட்டிவைத்த பதினான்கு விதிகளையும் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். ஈரத்துணி கூடாது, வெயில் கூடாது, சாவியைத் தொடக் கூடாது, கிட்டே போய் மூச்சுவிடக் கூடாது. பெயின்ட் அடிக்கக் கூடாது என்று ஒரு விதி இல்லை. வேண்டுமானால் வந்ததும் நீயே பார்த்துக்கொள்.

அப்புறம் என்ன, பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினேன், அதில் குறை சொல்லாதே. மூக்கு நசுங்கலை உள்பக்கமிருந்து தட்டி எடுத்தேன், துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பட்டி பார்த்தேன், பிரைமர் அடித்தேன், உடம்புக்கு வெள்ளி நிறம், காலுக்கு நீலம், மேலே பளபளப்புக்கு ஒரு கோட்டிங். ஷோரூமிலிருந்து இறங்கிய புது வண்டி தோற்றது போ. அவர் மூஞ்சியில் என் மூஞ்சி தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டர் வந்தார், கூடவே ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அந்த மெலிந்த மனிதரும் வந்தார். இருவரும் வாசலிலேயே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார்கள், மூச்சு படாமல் இருக்க வாயில் துணி கட்டிக்கொண்டார்கள். பெரியவருக்கு ஆபரேஷன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மாடிக்குப் போனதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கார்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம் வேலையைப் பார்த்து மனிதருக்கு மனசு நிறைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இது யார் செஞ்ச வேலை?" என்றார் டாக்டர்.

"நம்ம கைதாங்க. தொட்டுடாதீங்க, இன்னும் ஒரு நாள் காயணும்."

"மூக்குல ஒரு நசுங்கல் இருந்துச்சே" என்றார் கார்டு, செத்த வீட்டில் பேசுகிற குரலில்.

"எடுத்தாச்சு சார். இருந்த இடத்தைக் கண்டுபிடிங்க பார்ப்போம்."

அவர்கள் கண்டுபிடிக்க முயற்சி செய்யவில்லை. டாக்டர்தான் என்னை உட்கார வைத்து, பல்லைப் பிடுங்கப் போகிறவர் சொல்வதுபோல மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கடையை விட்டு வந்த நாளிலிருந்து யார் கையும் படாமல், ரிப்பேர் பார்க்காமல் இருக்கிற பொம்மைதான் நடு மேசைக்கு வரலாமாம். அந்தத் துருவுக்கும் நசுங்கலுக்கும்தான் மரியாதையாம். இது தெரிந்திருந்தால் உன் அக்கா கல்யாணத்தன்று நானும் முகத்தைக் கழுவாமல் வந்திருப்பேன்.

உன் அக்கா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரிடம் சொன்னாள், நான் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவளே, "நடு மேசை இல்லேன்னா அவன் எதுக்குங்க வரப்போறான், லீவை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த கப்பல்ல ஏறிடுவான்" என்று சொல்லிவிட்டு விரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அவள் திட்டியபோதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை மச்சான். அந்த விரிப்பை மடித்தாள் பார், அப்போதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு உறைத்தது.

அன்று முதல் பஞ்சும் தின்னருமாக உட்கார்ந்து, அடித்த பெயின்ட்டை நானே எடுக்க ஆரம்பித்தேன். உடம்பில் நான் அடித்தது போனதும் அடியில் பழைய பெயின்ட் அசையாமல் நின்றது, துரு போன இடம் மட்டும் வழுக்கை. இதைக் கேள்விப்பட்ட டாக்டர் ஓடி வந்தார். உடம்பு போனால் போகிறது, கால் இரண்டும் பழைய பெயின்ட்டோடு இருந்தால் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன், நடு மேசை கிடைத்தாலும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் வந்தது. வலது காலைத் துடைத்தேன், பழைய நீலம் கல் மாதிரி நின்றது. இடது காலைத் துடைத்தேன். முழங்காலுக்குக் கீழே நான் அடித்தது போச்சு, அதற்கு அடியில் இருந்த நீலமும் பஞ்சோடு வந்தது, அதற்கும் அடியில் பிரைமர். பொம்மைக் கம்பெனிக்காரன் எங்கேயாவது வண்டி பிரைமர் அடிப்பானா? பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலத்தில் பொடிப் பொடியாக வெள்ளித் தூள். அது என் நீலம் மச்சான். ஐஸ் வண்டிக்காரர் ஒருவருக்காக, வெள்ளித் தூள் ஒரு கரண்டியும் கறுப்பு ஒரு சொட்டும் விட்டு நான் கலந்தது. நீ சங்கத்தில் சேர்ந்த வருடம், கப்பல் கிடைக்காமல் இரண்டு மாதம் என் பட்டறையில் ஒத்தாசை செய்கிறேன் என்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாயே, அப்போது.

கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒரு கால் மட்டும் துருப்பிடித்து அவர் நிற்பதை உன்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதானே. என்னாலும் முடியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் பிசிறில்லாமல் அடித்துக் கொடுத்திருப்பேன், நீ அடித்ததில் பிரஷ் கோடு தெரிகிறது.

மறுநாள் டாக்டர் வந்து, "காலாவது பழசுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றால் பூதக்கண்ணாடியை எடுப்பார், உன் வேஷம் கலையும். நடந்ததைச் சொன்னாலும் கலையும். ஒன்பது வருடம் கைபடாதவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் சங்கத்தில் எப்படித் தலைகாட்டுவாய்?

"இல்லீங்க, காலும் நான்தான். சுரண்டிட்டுப் புதுசா அடிச்சேன்" என்றேன்.

டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஆகவே நடு மேசை இல்லை. குற்றம் முழுக்க என் தலையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும், என் தலையில் வேறு ஒன்றும் இல்லை என்று உன் அக்காவே சொல்வாள். கால் விஷயம் நமக்குள் மட்டும். அவளிடமும் சொல்லவில்லை. கண்காட்சிக்காக வராவிட்டாலும் என்னைத் திட்டவாவது வா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, சாப்பிட்டுவிட்டுத் திட்டு, ஒரு மாதம் இருந்து திட்டு. விரிப்பை மறுபடி போடச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கடல் காற்றில் தலையைக் காட்டாதே. நீ எந்தக் கரையில் இறங்கினாலும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அத்தான்.

பின் குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை டாக்டர் தனியாகப் பட்டறைக்கு வந்தார். இடது கால் உன் வேலை என்று பார்த்த முதல் நாளே அவருக்குத் தெரியுமாம். பழைய பொம்மை எதிலும் வெள்ளித் தூள் கிடையாதாம். கால் பழசுதான் என்று நான் சொல்லியிருந்தால் பூதக்கண்ணாடியை எடுக்காமலே தலையாட்டியிருப்பாராம். அப்படியானால் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வர்றதை நிறுத்திடுவான். எனக்கு உக்காந்து பேச வேற யாரு இருக்கா?" என்றார். பிறகு பையிலிருந்து துண்டில் சுற்றிய அவருடைய பறக்கும் தட்டை எடுத்தார். அடியில் இருந்த ஓட்டையைப் பல் அடைக்கிற சிமென்ட் போட்டு அவரே அடைத்திருக்கிறார், அது இப்போது மஞ்சளாகிவிட்டது, யாருக்கும் தெரியாமல் நிறம் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். கைபடாதது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நடு மேசையில் மேசை விரிப்பு மட்டும்தான் இருக்கும் என்று அவரே சொல்லி, விதியை மாற்றப் போகிறார். யார் கை பட்டது என்று பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துவிட்டால் போதுமாம். பெரியவர் நடு மேசைக்கு வருகிறார், சாவி கொடுக்க நீ வர வேண்டும். அட்டையில் உடம்பு என் பெயரில், இடது கால் உன் பெயரில். அக்காவிடம் சொல்லிவிட்டேன், விரிப்பு கொடியில் காய்கிறது. இவ்வளவுதான் எழுத நேரம். கார்டு வாசல் பெஞ்சில் மடியில் ஒரு மூட்டையோடு உட்கார்ந்துகொண்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.