வெங்காய மூட்டை மேல் ஏறிய சாதனை

ஒரு வாரம், சரியாக ஏழே நாள், ஜவ்வாது மலைப்பாதையில் சைக்கிள் ஏறிய பெண்களிலேயே வேகமானவள் நான்தான். ஊரறியப் பதிவாகியிருந்தது. அந்த ஏழு நாளில் உண்மையைச் சொல்ல எனக்கு எழுபது சந்தர்ப்பமாவது கிடைத்திருக்கும். ஒன்றைக்கூட நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஒரு கணக்கு டீச்சர் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

நாற்பத்து மூன்றாம் வயதில் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். மலையடிவாரத்தில் எங்கள் ஊரான படவேட்டில் நான் நடக்கக் கிளம்பினால், பாடம் நடத்திய பிள்ளைகளின் அம்மாக்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் நிறுத்திப் பேசுவார்கள். அரை கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். சர்க்கரை அங்கேயே நின்றது. சைக்கிளில் போனால் யாராலும் நிறுத்த முடியாது என்று ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். வேலூரில் இருக்கும் பெண்கள் சைக்கிள் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். தலைவி காயத்ரி, பல் டாக்டர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆப்புல ஏறலைன்னா அது ரைடே இல்லைங்க மேடம்."

(ஆப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

எந்த ஆப் நல்லது என்று பார்க்க ஒரு மாதம் பிடித்தது. முதல் ஆப், போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நான் தோசை சுட்ட நேரத்தில் முந்நூறு மீட்டர் ஓட்டியதாகக் கணக்குக் காட்டியது. இரண்டாவது, வளைவுகள் எல்லாம் வீண் என்று முடிவு செய்து, மலையைக் குடைந்து நேர்க்கோடு போட்டது. மூன்றாவது, கிலோமீட்டருக்கு ஒரு தரம் இங்கிலீஷில் என்னைப் பாராட்டிக் கத்தியதில், ஒரு தடவை பயந்துபோய்க் கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். சென்னையில் படிக்கும் மகள் நிவேதா, "அம்மா, ஏதோ ஒண்ண வெச்சிக்கோயேன்" என்று கெஞ்சினாள். ஒரே பாதைக்கு நாலு ஆப் நாலு விடை சொன்னால் கணக்கு டீச்சருக்குத் தூக்கம் வருமா? கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மலையேறும் நேரத்தை மற்றவர்களோடு ஒப்பிடும். முதலில் வருபவருக்கு ஒரு மகுடம் தரும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டில் இருப்பவர் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

அந்தப் புள்ளிக்காகத்தான் எங்கள் வீட்டுக்காரர் குமரேசன் சம்மதித்தார். கோயில் தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். "மலையில தனியா போறே. புள்ளி ஓடிக்கினே இருக்கணும், சொல்ட்டேன்" என்றார்.

மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் வரை ஏறிப் பதிவு போட வேண்டும் என்பது குழுவின் அந்த மாதப் போட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிளம்பினேன். முதுகுப் பையில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில், காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், எட்டு இட்லி, ஒரு குடை. (குடை எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) கைப்பிடியில் மாட்டிய போன் கடகடவென்று ஆடியதால் அதையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு என்னை விட்டு முன்னால் போய்விட்டது. இறங்கித் தள்ளினேன். பின்னால் ஷேர் ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே ஏழெட்டுப் பேர், நடுவில் வெங்காய மூட்டைகள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சைக்கிளு உன்ன இட்டுனு போவுதா, நீ சைக்கிள இட்டுனு போறியா?"

சைக்கிள் மேல் சாய்ந்து, முன்னால் போன மூச்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையக் குடு. ஜமுனாமரத்தூர் டீக்கடையில வெச்சிட்டுப் போறேன். நீ மெதுவா வந்து வாங்கிக்க."

எனக்கு அப்போது தண்ணீர் பாட்டிலின் எடை மட்டும்தான் நினைவில் இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். பை போனதும் உடம்பு பறந்தது. அடுத்த வளைவு வரை பறந்தது. அங்கே நின்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கப் போனுக்குக் கையை நீட்டியபோதுதான், நான் இங்கே இருக்கிறேன், என் புள்ளி ஜீப்பில் போகிறது என்பது உறைத்தது.

கீழே படவேட்டில், எங்கள் வீட்டுக்காரரின் கடையில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். அதுவரை எறும்பாக ஊர்ந்த புள்ளி திடீரென்று சீறிக்கொண்டு போனதும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. கற்பூரம் கேட்டவர்களிடம் எல்லாம் போனைக் காட்டியிருக்கிறார். "எங்க வூட்டம்மா எப்டி ஏர்றா பாருங்க!" புள்ளி ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தது. நிற்கவில்லை. அதைத் தாண்டி நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போய், காடு மாதிரி பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அரை மணி நேரமாகியும் அசையவில்லை. போன் போட்டார். நாலாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

"வசந்தி?"

"அப்டி யாரும் இங்க இல்லீங்க."

"இது அவ போனுங்க! அவ எங்க?"

"ஆளு வர்லீங்க. பை மட்டுந்தான் வந்துச்சி. ஆள ரோட்டுலயே வுட்டுட்டு வந்துட்டோம்."

அதோடு சிக்னல் போய்விட்டது.

கடையைப் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நான் ஜமுனாமரத்தூர் சேர்ந்தபோது மணி பதினொன்றுக்கு மேல். டீக்கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நல்ல மனிதர் ஒருவர், "போன் பண்ணிக்கங்க" என்று தன் போனைக் கொடுத்தார். அப்போது கண்டுபிடித்தேன், எனக்கு வீட்டுக்காரர் நம்பர் தெரியாது. பையின் மதிப்பைப் புள்ளிக்குப் பின் இருபது இலக்கம் வரை சொல்வேன் (வட்டத்தில் வரும் பை, ஜீப்பில் போன பை அல்ல). கட்டிய கணவரின் பத்து இலக்கம் வரவில்லை.

பூட்டிய கடை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் வண்டி வந்தது. என்னைப் பார்த்தார். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட இரண்டு தடவை முயன்றார். முடியவில்லை. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு வளைவுலயும் இறங்கிப் பள்ளத்த எட்டிப் பாத்துக்கினு வர்றேன்" என்றார். "பேரு சொல்லிக் கூப்பிட்டா, எதிரொலி வருது. நீதான் பதில் சொல்றியோன்னு..."

முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் அந்த வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றோம். அப்புறம் அவருக்குக் குரல் திரும்பியது. "இன்னா பொம்பள நீ! புள்ளிய ஜீப்புல ஏத்தி வுட்டுட்டு இங்க ஒக்காந்து வேடிக்கை பாக்கறியா?" நிம்மதியாக இருந்தது.

சைக்கிளை அங்கேயே ஒரு வீட்டில் விட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து அந்தக் குக்கிராமத்துக்குப் போனோம். ஜீப் அம்மாவின் பெயர் சின்னப்பொண்ணு. என் பையை ஆடு எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருந்தார்.

"டீக்கடை பூட்டிக் கெடந்துச்சி. யார நம்பிக் குடுக்கறது? அட்த்தவங்க பொருளாச்சே, வூட்டுக்கே எடுத்தாந்துட்டேன். உன் வூட்டுக்காரரு போன்ல அழுதாரு. நான் இன்னா தப்பா சொல்ட்டேன்னு தெரியல."

"அழுவல" என்றார் இவர். "சிக்னல் சரியில்ல."

சாமைச் சோறு போட்டு, சாப்பிட்டால்தான் பையைத் தருவேன் என்றார் சின்னப்பொண்ணு. சாப்பிட்டோம். போனை எடுத்துப் பார்த்தேன், ஆப் இன்னும் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். அழிக்க மறந்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதிவு தானாகவே ஆப்பில் ஏறிவிட்டது. குழுவில் கைதட்டல், பூங்கொத்து, தீப்பொறி என்று குட்டிப் படங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் மகுடம். காயத்ரி மேடம் போனில் கூவினார்: "முதல்ல மெதுவா போயி, பாதிக்கு மேல புயல் மாதிரி எடுத்தீங்களே! என்ன மேடம் ரகசியம்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எல்லாம் பயிற்சிதாங்க" என்று வந்தது.

"பயிற்சியாம்" என்றார் இவர் சுவரைப் பார்த்து.

அடுத்த ஞாயிறு வேலூரில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். முப்பது பெண்கள். என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். இவர் துணைக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தார். யாரோ கேட்டார்கள்: "ஏழாவது வளைவுல எந்த கியர்ல ஏறினீங்க?"

"நாலாவது கியர்" என்றேன், ரொம்ப அடக்கமாக.

கடைசி வரிசையிலிருந்து, பாவம், தன்னையறியாமல், அந்த ரோட்டில் முப்பது வருடமாக வண்டி ஓட்டும் மனிதரின் குரல் வந்தது: "நாலாவதுலயா? அங்க அந்த ஜீப்பே ரெண்டாவதுலதான ஏறியிருக்கும்?"

"எந்த ஜீப்?" என்றார் காயத்ரி மேடம்.

முப்பது முகமும் என் பக்கம் திரும்பின. எல்லாவற்றையும் சொன்னேன். 'பை மட்டுந்தான் வந்துச்சி' என்ற இடத்தில் முதல் சிரிப்பு வெடித்தது, அப்புறம் அடங்கவே இல்லை. காயத்ரி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன மாதம் தான் போட்ட நூறு கிலோமீட்டரில் முப்பது காரில் போனது என்று ஒப்புக்கொண்டார். ஆப்பை நிறுத்த மறந்துவிட்டாராம்.

சிரிக்காதது ஒரே ஒரு பெண்தான். மல்லிகா, மலையில் நர்ஸ் வேலை பார்ப்பவள். மகுடம் எனக்கு வரும்வரை அவளிடம்தான் இருந்திருக்கிறது. மெல்ல எழுந்தாள்.

"அக்கா, உங்க நேரத்த முறியடிக்கணும்னு மூணு நாளா டூட்டிக்கு முன்னாடி ஏர்றேன். முட்டி வீங்கிப் போச்சு. அப்ப மூணு நாளா நான் ஜீப்பு கூடவா போட்டி போட்டேன்?"

அதற்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது. மேடையை விட்டு இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே, அவள் கண்ணெதிரே பதிவை அழித்தேன். மகுடம் அவளிடம் போனது. அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். "ஆனா ஜீப்ப விட ஆறு நிமிஷம்தான்க்கா பின்னாடி இருந்தேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இவர் நம்பரை மனப்பாடம் செய்தேன். தலைகீழாகக்கூடச் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் அது எதையும் மாற்றவில்லை. நான் அரை மணியில் சாம்பார் வைத்தேன் என்று சொல்ல முடியாது. "நீ வெச்சியா, ஜீப்பு வெச்சிச்சா?" என்று கேட்பார். நூறு விடைத்தாளை ஒரே நாளில் திருத்தினாலும் இதே கேள்வி. இப்போது நாத்தனார் வீடு வரைக்கும் பரவிவிட்டது.

போன வாரம் நிவேதா சென்னையிலிருந்து போன் செய்தாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணாம். இவர் ஸ்பீக்கரில் போட்டு வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்:

"அப்பா, நான்தான் எழுதினேன். ஜீப்பு வெளிய நின்னுச்சு."