ஆட்டுக்கு மட்டும் சொன்னது

நான் வாழ்க்கையில் மனம் திறந்து பேசியது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஓர் ஆட்டிடம். அதுவும் பதிவாகிவிட்டது.

'வேணும்' என்ற சொல் என் வாயில் வராது. விருந்து வீட்டில் இன்னும் கொஞ்சம் பாயாசம் விடட்டோ என்று கேட்டால், கையால் கோப்பையை மூடிக்கொண்டு "போதும், போதும்" என்பேன். (பிறகு வீட்டுக்கு வந்து சீனிப் போத்தலுக்குள் கரண்டி விடுவேன்.) இந்த வாயை வைத்துக்கொண்டுதான் கலியாணம் முடிந்த ஏழாம் மாதம் இவரைக் கட்டாருக்கு அனுப்பினேன். விமான நிலையத்தில் சனம் எல்லாம் அழுதுகொண்டு நிற்க, கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

மூன்று வருடம் போனது. தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தகரம். வீட்டில் நானும் இவருடைய அப்பாவும். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒருநாள் காலை, வேலைக்குப் போகமுன் இவர் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லிக் கம்பனி கேட்கிறது, நாளைக்குக் கையெழுத்து வைக்கவேண்டும், நின்றால் பின்பக்கமும் ஓடு போட்டுவிடலாம், நீர் என்ன சொல்லுறீர் என்று கேட்டிருந்தார்.

அந்த நேரம் நான் ஆட்டுக்குக் கழுநீர் வைக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கையில் வாளி. அதனால் பதிவுப் பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுப் பேசினேன். அப்படிப் பூட்டினால் விரலை எடுத்தாலும் அது பாட்டுக்குப் பதிவாகும். "நில்லுங்கோ. எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை. ரெண்டு வருசம் கண் மூடி முழிக்கிறதுக்குள்ள போயிடும்" என்றேன். குரல் துளியும் நடுங்கவில்லை. என்னையே மெச்சிக்கொண்டு போனை ஆட்டுப் பட்டியின் கட்டையில் வைத்தேன்.

பிறகு வாளியை இறக்கிவிட்டு ஆட்டைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. என்ன நடந்ததோ தெரியாது, அப்படியே குந்திவிட்டேன்.

"ரெண்டு வருசமாம். கேட்டனியே? பெரிய கட்டில் வாங்கச் சொல்லிக் காசு அனுப்பினவர். மூண்டு வருசமா நான் ஓரத்திலதான் படுக்கிறன். மற்றப் பக்கம் அவற்ற பக்கமாம். ரெண்டு தரம் கீழ விழுந்தும் போனன். றோட்டில ஆரின்ர மோட்டார் சைக்கிள் சத்தம் எங்கட வாசலடியில குறைஞ்சாலும் ஓடிப்போய்ப் பாக்கிறன். எனக்கு ஓடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், அந்தாளை வரச்சொல்லு."

ஆடு தலையாட்டியது. (கழுநீருக்குள் மூக்கை விட்டதைத்தான் அப்படி நினைத்தேனோ தெரியாது.) மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தால், நாலு நிமிடமாகப் பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதறிப்போய் அழிக்கும் படத்தை அமத்தப் போனேன். பெருவிரல் அனுப்பும் படத்தை அமத்தியது. போய்விட்டது. ஆனால் அவர் இன்னும் கேட்கவில்லை. வேலையிடத்தில் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எடுப்பார். அதற்குள் அனுப்பியதை அழித்தால் போதும். அழிப்பதற்கு அமத்திப் பிடித்தேன். கை வேர்வை. போன் வழுக்கி நேரே வாளிக்குள் விழுந்தது. ஆடு ஒருக்கால் விலகிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து குடித்தது.

எடுத்துத் துடைத்தேன். உதறினேன். ஊதினேன். பொத்தானை எண்ணி முப்பது செக்கன் அமத்திப் பிடித்தேன். ஈரம் காயமுன் சார்ஜிலும் போட்டேன். போன் வாயே திறக்கவில்லை.

அப்போதுதான், நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கவேண்டும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. குசினியில் அரிசி ஒரு நேரச் சமையலுக்கு ஒரு சுண்டுதான் கிடந்தது. அறையிலோ ஒரு சாக்கு நிறைய விதைநெல். தோல் உரித்த அரிசிக்கே ஈரம் உறிஞ்சும் சக்தி இருக்குமென்றால், உமியோடு இருக்கும் நெல்லுக்கு எவ்வளவு இருக்கும்? என் விஞ்ஞானத்தை நானே வியந்து, முழங்கை வரை கையை விட்டுப் போனைச் சாக்கின் நடுவில் புதைத்தேன்.

விதைநெல்லை விதைக்கமுன் தண்ணீரில் ஊறப்போட்டு முளைகட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து வயலுக்குள் நிற்கிறவள். ஆனால் அன்றைக்கு என் மூளை என்னிடம் இல்லை.

மத்தியானம் போய்ப் பார்த்தால் சாக்கு இல்லை. மாமா கிணற்றடித் தொட்டியில் கை கழுவிக்கொண்டு நின்றார். குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், அதனால் காலையிலேயே கட்டி ஊறப்போட்டுவிட்டேன் என்றார். நான் சீலையோடு தொட்டிக்குள் பாய்ந்தேன். சாக்கின் கட்டை அவிழ்த்து இரண்டு கையாலும் அளைய, மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன பிள்ளை, தாலிக்கொடியோ?"

"இல்லை மாமா. போன்."

மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கித் தேடிப் போனை எடுத்துத் தந்தார்.

மாமாவின் பட்டன் போனில் இவருடைய இலக்கம் இருந்தது. ஆனால் வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். எடுத்தாலும், நான் அனுப்பியதைக் கேட்காதேங்கோ என்று சொன்னால் எந்த மனிசன் கேட்காமல் விடுவான்? சைக்கிளை எடுத்துக்கொண்டு விசுவமடுவில் போன் திருத்தும் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, சார்ஜ் குத்தும் துளைக்குள்ளிருந்து ஊறி வீங்கிய ஒரு நெல்லைக் கிளப்பி மேசையில் வைத்தார்.

"வயல் செய்யிற போனை இண்டைக்குத்தான் பாக்கிறன், தங்கச்சி."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அவர் போனைக் கழற்றி, ஏதோ மருந்தால் கழுவி, சூடு காட்டி, ஒன்றரை மணித்தியாலம் பாடுபட்டார். கடைசியில் அது செத்துவிட்டது என்றார். சிம்மை வேறு போனில் போடலாம், வாட்ஸப்பும் வரும், ஆனால் அனுப்பியதை அங்கிருந்து அழிக்கேலாது என்றும் சொன்னார். உள்ளே முக்கியமாக ஏதும் இருந்ததா என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றேன். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் மாமாவின் போன் அடித்தது. மாமா அதை என் கையில் தந்துவிட்டு, நெல்லைப் பார்க்க வேண்டுமென்று வெளியே போனார்.

"ஆடு சுகமோ?" என்றார் இவர்.

"ஓம்."

"கட்டிலால விழுந்ததை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"பெரிசா அடிபடேல்ல."

"நான் கையெழுத்து வைக்கேல்ல. வாறன்."

வாங்கோ என்று சொல்லவேண்டிய இடம் அது. நானோ, "அப்ப பின்பக்க ஓடு?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா முன்பக்கம் படுப்பம்" என்றார்.

நாலு மாதத்தில் வந்தார். பின்பக்கம் இன்றைக்கும் தகரம்தான். மழை பெய்தால் கதைப்பது கேட்காது. நான் எதற்காவது வேண்டாம் என்று சொன்னால், இவர் சொல்லி எல்லாம் அறிந்த மாமா இவரைப் பார்த்து, "எதுக்கும் ஆட்டையும் ஒருக்காக் கேள்" என்பார். வீட்டுக்கு வரும் சொந்தக்காரரும் இப்போது அதையே சொல்கிறார்கள்.

போன மாதம் நெல் வெட்டும் மெஷினோடு இவர் நெளுக்குளம் பக்கம் நாலு நாள் போனார். ஆறுதலாக வாங்கோ என்று வழக்கம்போலச் சிரித்து அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் பின்னேரம் வீடு வீடாக இருக்கவில்லை. வாசலில் நின்று, புதுப் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "வாங்கோ" என்றேன். அவ்வளவுதான், ஒரு செக்கன். அழிக்க நினைக்குமுன் அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது.

"ஆர் கதைக்கிறது? ஆடோ?"