தோற்றுக்கொடுக்கும் சேவை

காபியை ஒரு வாய் குடித்த மனைவி, அதை அப்படியே தொட்டியில் துப்பினாள். உதட்டோரம் ஒரு நுரைக்குமிழி கிளம்பி, பட்டென்று உடைந்தது.

"என்னங்க! இந்த டப்பால சர்க்கரைதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. இப்ப சோப்புத் தூள் இருக்கு," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "அலமாரியை அகர வரிசைப்படி மாத்தி வெச்சிருக்கேன். சர்க்கரைக்கு அடுத்தது சோப்புத் தூள். டப்பாவையும் ஒரே சைஸா மாத்திட்டேன். கண்ணை மூடிட்டு எடுத்தாகூடக் கிடைக்கும்."

"கிடைச்சுதே! கண்ணைத் திறந்துட்டு எடுத்ததுக்கே கிடைச்சுதே!"

அவர் வேலை பார்த்தது பிஸ்கட் தொழிற்சாலையில். ஓடும் பட்டை பக்கத்தில் நின்று, விளிம்பு கருகினது, மூக்கு உடைந்தது, கொஞ்சம் கோணலாகப் பிறந்தது என்று பொறுக்கி எறிவதுதான் உத்தியோகம். குடியிருப்பு முழுக்க அவருக்கு பிஸ்கட் சார் என்றே பெயர். அங்கே அவர் தலையாட்டினால்தான் பெட்டியை மூடுவார்கள். ஓய்வு பெற்றபிறகு, அவருடைய தலையாட்டலுக்காக உலகத்தில் எதுவும் காத்திருக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் 'இன்னிக்கு நாம யாருக்குத் தேவை?' என்று ஒரு கேள்வி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே சொல்ல வெட்கம். அதனால் டப்பாக்களை மாற்றினார்.

பொழுதுபோக்கு தேடாமலும் இல்லை. படம் வரையலாம் என்று கடைக்குப் போனவர், பிரஷ் விலையைக் கேட்டுவிட்டு, கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். செலவே இல்லாத கலை என்று விசில் பழகினார். எதிர்வீட்டு நாய் பதில் சொல்ல ஆரம்பித்தது. அந்த நாய்க்கு அவரைவிடச் சுருதி சுத்தம் என்று பேச்சு வந்ததும் அதையும் விட்டார்.

மனைவி வாயை நாலு தடவை கொப்பளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும். காசு செலவாகக் கூடாது. யாருக்காவது உபயோகமா இருக்கணும். முக்கியமா, அது இந்த வீட்டுக்கு வெளியில இருக்கணும்."

"அப்படி என்ன இருக்கு?"

"மேல் மாடி மீட்டர் சார் இருக்காரே. சம்சாரம் போனதுலேர்ந்து மனுஷன் ஜன்னலே கதின்னு கிடக்கார். மகன் வேலை வேலைன்னு ஊர் ஊராச் சுத்தறான். மருமக பல் டாக்டர்கிட்ட வேலைக்குப் போனா, வர சாயங்காலம் ஆகுது. அவர்கிட்ட ஒரு செஸ் போர்டு இருக்காம். நீங்க போய்க் கொஞ்சம் ஆடிட்டு வந்தா, பாவம், அந்த ஜீவனுக்கு எவ்வளவு ஆறுதல்!"

மீட்டர் சார் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் காலத்தை ஓட்டியவர். வத்தலும் தொத்தலுமாக இருப்பார். அவருக்கு ஆறுதல் தேவை என்று கேட்டதும் பிஸ்கட் சாருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆஹா, ஒருத்தருக்கு நாம் தேவைப்படுகிறோம்! அன்றைக்கே சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு படி ஏறினார்.

முதல் ஆட்டத்தில் பிஸ்கட் சார் சட்டென்று ஜெயித்துவிட்டார். ராஜா மாட்டிக்கொண்டதைப் பார்த்து மீட்டர் சார் வாய் நிறையச் சிரித்தார்.

"பிரமாதம் சார்! என்ன மூளை சார் உங்களுக்கு!"

தோற்றுப்போயும் சிரிக்கிறாரே, உள்ளே எவ்வளவு வேதனை இருக்கும் என்று பிஸ்கட் சாருக்கு மனசு பிசைந்தது. ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் இப்படியா ஒரு மனுஷனைத் தோற்கடிப்பது? இனிமேல் இவருக்குத் தோற்றுக்கொடுப்பதுதான் என் சேவை என்று அங்கேயே முடிவு கட்டினார்.

மறுநாள், மீட்டர் சாருடைய குதிரை ஒரே தாவலில் வெட்டுகிற மாதிரித் தன் ராணியைக் கொண்டுபோய் வைத்தார். மீட்டர் சார் ராணியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மோவாயைத் தடவினார். கடைசியில் ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு சிப்பாயை நகர்த்தினார்.

"சார், நல்லாப் பாத்தீங்களா?" என்றார் பிஸ்கட் சார், ராணியின் தலையில் விரலால் தட்டி.

"பாத்தேன் சார். அம்சமான ராணி. பத்திரமா வெச்சுக்கோங்க."

அதற்கப்புறம் மீட்டர் சார் தன் யானையைக் கொண்டுவந்து பிஸ்கட் சாருடைய சிப்பாய் குறுக்கே வெட்டுகிற கட்டத்தில் நிறுத்தினார். ஐயோ பாவம், யானை போவதுகூடத் தெரியாமல் வைக்கிறாரே என்று இவர் அதைத் தொடவில்லை. தன் குதிரையை நீட்டினார். அவரும் தொடவில்லை. யாரும் சாகாத யுத்தம் அது. பஸ் வராத நிறுத்தத்தில் கூட்டம் நிற்பது மாதிரி, எல்லாக் காய்களும் நடுவில் முண்டியடித்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் மருமகள் சாவி போடும் சத்தம் கேட்டதும் போர்டை மடித்தார்கள்.

"யாரு ஜெயிச்சா?" என்றாள் மனைவி. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் கதைப்புத்தகத்தோடு இருந்தாள்.

"யாரும் ஜெயிக்கல."

"ரொம்ப நல்லது. நாளைக்கும் போங்க."

தினமும் போனார். தினமும் அதே கதை. ஒருவர் வைத்ததை இன்னொருவர் வெட்டுவதில்லை. பிஸ்கட் சாருக்கு மெல்ல ஒரு சந்தேகம் தட்டியது. கண்ணெதிரே இருக்கிற ராணி ஒரு மனுஷனுக்குத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

"மீட்டர் சாருக்கு மூளை மங்கிட்டு வருதோன்னு பயமா இருக்கு," என்றார் மனைவியிடம்.

மனைவி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அடடா. அப்ப நீங்க கூடவே இருக்கறதுதான் நல்லது."

ஆட்டத்தோடு பரிசோதனையும் ஆரம்பமானது. ரொம்ப சாமர்த்தியமாகச் செய்வதாக பிஸ்கட் சாருக்கு நினைப்பு.

"இன்னிக்கு என்ன கிழமை சார்? எனக்குச் சட்டுனு வரல."

"வியாழன்," என்றார் மீட்டர் சார், குழந்தையிடம் பேசுகிற குரலில். "எங்க, நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாக்கலாம்?"

பிஸ்கட் சார் சொன்னார். மீட்டர் சார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாபகசக்திக்கு நல்லது என்று பாதாம் பருப்பை ஊற வைத்துக் கிண்ணத்தில் எடுத்துப் போனார். மீட்டர் சார் அதில் பாதியை எடுத்து இவர் வாய்க்கு நேரே நீட்டினார். "நீங்க சாப்பிடுங்க சார். உங்களுக்கு நல்லது." தனக்கென்று கொடுத்ததையும் தானம் பண்ணுகிற இந்த மனுஷனை நினைத்து பிஸ்கட் சார் உருகிப்போனார்.

இதற்கு நடுவில் என்ன ஆயிற்று என்றால், பிஸ்கட் சாருக்குக் காலையில் வரும் அந்தக் கேள்வி வருவதை நிறுத்திவிட்டது. எழுந்ததும் மேல் மாடி ஞாபகம்தான். மீட்டர் சாரிடம் கதை மூட்டை மூட்டையாக இருந்தது. எந்த வீட்டில் மீட்டர் பார்க்கப் போனபோது மாமியாரும் மருமகளும் அவரைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைத்தார்கள், எந்த வீட்டு வாத்து அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிஸ்கட் சாருக்கு வயிறு வலிக்கும். இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இவரைத் தெரியாமல் போனோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அப்போதுதான் அந்த டீ விவகாரம் நடந்தது.

மீட்டர் சார் அடுப்பில் டீத்தண்ணீரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கொதிச்சதும் நான் போய் அணைச்சுடறேன். நீங்க ஆட்டத்தைக் கவனிங்க," என்றார் பிஸ்கட் சார். சொல்லிவிட்டு, தன் குதிரையை எப்படிப் பலி கொடுப்பது என்ற யோசனையில் மூழ்கிவிட்டார். அவர் யோசனையில் இரண்டு கட்டம் தாண்டியிருக்கும்போது சமையலறையிலிருந்து புகை வந்தது. ஓடிப் பார்த்தால், பாத்திரம் கன்னங்கரேல் என்று உட்கார்ந்திருந்தது.

மீட்டர் சார் அடுப்பை அணைத்தார். பிஸ்கட் சாரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "என் தப்புதான் சார். அடுப்பில வெச்சதையே மறந்துட்டேன். நீங்க மனசுல போட்டுக்காதீங்க."

மறந்துட்டேன்! அவர் வாயாலேயே வந்துவிட்டது. பிஸ்கட் சாருக்குக் கை கால் ஓடவில்லை. தான் அணைப்பதாகச் சொன்னது அவருக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை. அதற்கு அப்புறமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மருமகளிடம் சொல்லாவிட்டால், என்றைக்காவது அந்த மனுஷன் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். சொன்னாலோ, மகன் வந்து ஏதாவது ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். மேல் மாடி பூட்டிக்கிடக்கும். ராணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்ததும் பிஸ்கட் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சீ, நம் சுயநலத்துக்கா ஒரு உயிரோடு விளையாடுவது என்று தன்னையே திட்டிக்கொண்டு கிளம்பினார்.

லிஃப்ட் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஏறினார்.

மருமகள்தான் கதவைத் திறந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், தோளிலிருந்து பைகூட இறங்கவில்லை.

"வாங்க அங்கிள். மாமா இப்பதான் வெளியில போனாரு."

"அதுவும் நல்லதாப் போச்சும்மா. உன்கிட்டத் தனியாப் பேசணும்." அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாமாவுக்கு ஞாபகம் நழுவுதும்மா. நான் ராணியை எடுத்து எதிர்ல வெச்சாலும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. நான் வேணும்னே தோத்துக்கொடுத்தாலும் அவரால ஜெயிக்க முடியல. இன்னிக்கு அடுப்பை மறந்துட்டாரு."

மருமகள் பையைக் கீழே வைத்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து பிஸ்கட் சார் பதறிப்போனார்.

"அழாதம்மா! டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். இல்லத்துல மட்டும் சேத்துடாதீங்க, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். காலைல வந்து சாயங்காலம் வரைக்கும் நான் பாத்துக்கறேன். முதல்ல ஏதோ பொழுது போகட்டும்னுதான் வந்தேன், மறைக்கல. இப்ப அப்படி இல்லம்மா. அவர் இல்லைன்னா எனக்கு... எனக்கு வேற யாரும் சிநேகிதம் கிடையாது."

மருமகள் கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரிப்பை அடக்கி அடக்கி வந்த தண்ணீர் அது.

"ஐயோ அங்கிள், உங்களுக்கு மூளை மங்கிட்டு வருதுன்னு ஆன்ட்டிகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லத்தான் மாமா இப்ப கீழ உங்க வீட்டுக்குப் போயிருக்காரு! செலவில்லாம, யாருக்காவது உபயோகமா ஒரு பொழுதுபோக்கு வேணும்னு மாமா கேட்டப்ப, 'எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு, பாவம், அவருக்குத் தோத்துக்கொடுங்க'ன்னு உங்களைக் காட்டிவிட்டதே ஆன்ட்டிதானே!"