அக்கறையற்ற பிரபஞ்சமும் கோலசிலாங்கூர் கிளையும்

பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் ஞானிகளை எல்லாம் திணறடித்த கேள்விக்கு, கடந்த வியாழக்கிழமை பிற்பகல் கோலசிலாங்கூரில், மீஹூன் பரிமாறுவதற்கு முன்பாகவே விடை காணப்பட்டது. கண்டது எங்கள் 'வாழ்வின் பொருள் தேடும் சங்கம்'. கிளைச் செயலாளர் என்ற முறையில் பணிவோடு பதிவு செய்கிறேன்.

கருத்தரங்கின் தலைப்பு, 'நம்மைக் கண்டுகொள்ளாத பிரபஞ்சத்தில் நாம் யார்?' கோலாலம்பூரிலிருந்து வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் வசீகரன், வாழ்வின் பொருளை ஐம்பத்து நான்கு 'ஸ்லைடு'களில் கொண்டு வந்திருந்தார்.

இரண்டே காலுக்கு, பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கும் தாயம்மா வேலை உடுப்போடு உள்ளே வந்தார்.

"ஐயா, இதுல ஒரு சாப்பு மட்டும் அடிச்சுக் குடுங்க. போயிருவேன்."

அவர் மகள் குமுதா அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பிறப்பை யாரும் பதியவில்லை. பதினெட்டு வயதாகியும் அடையாள அட்டை கிடையாது. இப்போது தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டுமென்றால் அட்டைக்கு விண்ணப்பித்த சான்றாவது வேண்டும். 'இவளைச் சிறு வயதிலிருந்தே அறிவோம்' என்ற எங்கள் கடிதத்தோடு அன்று நான்கு மணிக்குள் வரும்படி பதிவு அலுவலகம் தவணை கொடுத்திருந்தது. கடிதம் தட்டச்சாகி அவர் கையில் இருந்தது. அவர் கேட்ட சாப்பு, அதாவது சங்க முத்திரை, என் பையில் இருந்தது. குமுதாவைத் தெரியாதவர் சங்கத்தில் இல்லை. எங்கள் கூட்டங்களுக்கெல்லாம் தேநீர் கலக்குகிறவள் அவள்தான்.

ஆனால் சங்கம் என்றால் ஓர் ஒழுங்கு உண்டு அல்லவா?

"இப்ப உரை நடக்குதும்மா. கடைசியில 'இதர விஷயங்கள்' வரும், அதுல பாத்துக்கலாம்," என்றார் தலைவர் வைரவநாதன், ஓய்வுபெற்ற பொறியாளர்.

வசீகரன் குறுக்கிட்டார். "இவங்களே நல்ல எக்ஸாம்பிள் லா! அம்மா, இந்த யூனிவர்ஸ் எவ்ளோ பெரிசு தெரியுமா? நீங்க இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரியாட்டி போவுதுங்க. என் மவ இருக்கிறது ஆபீசுக்குத் தெரியணும்."

அரங்கம் கைதட்டியது. இப்படிப்பட்ட சிந்தனையாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று உறுப்பினர் கலாவதி முன்மொழிய, இன்னோர் உறுப்பினர் வாசு வழிமொழிந்தார். பொன்னாடையைத் தேடிப் போர்த்திப் படம் எடுக்க இருபது நிமிடம் ஆனது. படம் நன்றாக வந்திருக்கிறது. தாயம்மா மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றரைக்கு என்னிடம் வந்தார். "நேரமாச்சுங்கய்யா. கும்பிட்டுக் கேக்குறேன்."

"தீர்மானம் இல்லாம சாப்பு அடிச்சா சட்டப்படி செல்லாதும்மா," என்றேன். அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் சொன்னபோது எனக்கே என்மீது மரியாதை வந்தது.

நான்கு இருபதுக்கு 'இதர விஷயங்கள்' வந்தது. கடிதம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. அழுத்தமாக முத்திரை குத்திக் கொடுத்தேன். தாயம்மா அதை வாங்கி மடித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த தவணைக்கு ஏழு மாதமாம். தாதியர் பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது.

பிறகு முதன்மைத் தீர்மானம் பலத்த கரவொலியோடு நிறைவேறியது: 'மனிதன் படும் பாட்டைப் பற்றி இப்பிரபஞ்சத்துக்குக் கடுகளவும் அக்கறை இல்லை. இதை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.'

அதற்கும் நான்தான் முத்திரை குத்தினேன். இருந்தாலும் பிரபஞ்சத்தைக் கண்டிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதற்குக் குமுதாவைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.