ஆரோக்கியராஜின் முகராசி

"இன்னிக்கும் ஒண்ணுமில்ல நதீம்" என்று ஜஹீதா ஆபா போனைத் திருப்பிக் காட்டினார்.

அபிராமபுரத்தில் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை, நதீம் அக்கா முறையில் ஆபா என்றழைக்கும் ஜஹீதாவுடையது. அதற்காக நதீம் செய்துகொடுத்த வெப் ஆப்பில் முன்பதிவுப் பக்கம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. தையல்கடை, பார்லர், சமையல் கான்ட்ராக்டர் என்று சின்னச் சின்னத் தொழில்களுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல ஆப் செய்து தருவதுதான் நதீமின் பிழைப்பு. இதுவரை அவன் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. இந்த ஒன்று மூடப்பட்டால் போதும், செய்தி கடை கடையாகப் போய்விடும்.

இத்தனைக்கும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. முதல் நாள் பதிவு செய்தவர்கள், மறுநாள் மெக்கானிக் ஆரோக்கியராஜின் ஸ்கூட்டர் எங்கே வருகிறதென்று வரைபடத்தில் நீலப் புள்ளியாகப் பார்க்கலாம். எல்லோரும் அதை மெச்சினார்கள். மெச்சியதை முகப்பில் வைத்தால் இன்னும் நாலு பேர் வருவார்களே என்று, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நதீம் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தான். பதிவு பாதியாகக் குறைந்தது.

முகம் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடத் தயங்குகிறார்கள் போலிருக்கிறது என்று ஆரோக்கியராஜின் போட்டோவையும் வண்டி நம்பரையும் சேர்த்தான். இன்னும் குறைந்தது. புள்ளி தத்தித் தத்திப் போவதுதான் எரிச்சல் என்று முடிவுகட்டி, அது வழுக்கிக்கொண்டு ஓடும்படி மாற்றி, போகிற தெருவின் பெயரையும் தமிழில் எழுதவைத்தான். அழகென்றால் அப்படியொரு அழகு.

பதிவு அடியோடு நின்றது.

வேலை மட்டும் நிற்கவில்லை. பதிவில்லாவிட்டாலும் பழக்கத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஆரோக்கியராஜ் போகிற தெருவிலெல்லாம் யாராவது வண்டியை மறித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொன்றையும் அவர் போனில் சொல்லச் சொல்ல ஆபா பூரித்துப்போனார்.

"அது முகராசி நதீம். அதுக்கு முன்னாடி உன் ஆப் எம்மாத்திரம்? வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கலாம்."

அந்த முகராசியைக் கண்ணால் பார்த்துவிடுவதென்று மறுநாள் நதீம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறினான். லஸ் தாண்டியதும் லுங்கி கட்டிய ஒருவர் கைகாட்டினார்; ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதாம். அடைப்பை எடுத்துவிட்டு ஆரோக்கியராஜ் கீழே வந்தால், அடுத்த வாசலில் ஓர் அம்மாள் தயாராக நின்றார். அங்கே முடித்தால் முனையில் இன்னொருவர்.

"எப்படிண்ணே இது?"

"எனக்கு இன்னா தெரியும் நைனா? மொதல்ல இப்டி இல்ல. இப்ப கொஞ்ச நாளாத்தான். எங்கூட்டுக்காரி ஜாஸ்மின் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கினு கீது."

நதீமுக்குப் பொறாமை வரவில்லை; மரியாதைதான் வந்தது. இப்படிப்பட்ட மனிதருக்கு ஆப் எதற்கு? வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பானேன் என்று, நின்ற இடத்திலேயே போனை எடுத்து வரைபடத்தை அணைத்தான். ஆபாவுக்கும் சொல்லிவிட்டான். தோற்றாலும் கௌரவமாகத் தோற்றதாக அவனுக்கு ஒரு நிறைவு.

அதன்பிறகு தெற்கு மாட வீதியில் ஒருவரும் மறிக்கவில்லை. மந்தைவெளி வரை போய்த் திரும்பினார்கள். ஒரு கை நீளவில்லை. ஆரோக்கியராஜ் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பித் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

"மொகத்துல ஏதாவது ஒட்டிக்கினு கீதா, நைனா?"

ஆபாவின் போன் வந்தது. மதியத்திலிருந்து ஒரு வேலைகூட இல்லையே, ஆரோக்கியராஜுக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நதீம் போனை வைத்தான்.

அப்போது சந்து முனையிலிருந்து ஒரு மாமி, கையில் போனோடு, மூச்சு வாங்க வண்டியை நோக்கி வந்தார். சுப்புலக்ஷ்மி மாமி, போன வாரம் தெருவில் மறித்தவர்களில் ஒருவராம்.

"ஏம்ப்பா ஆரோக்கியராஜ், மத்தியானத்துலேருந்து மேப்ல உன்னைக் காணுமே? புக் பண்ணினா நாளைக்குத்தான்னு காட்றது. நீ எந்தத் தெருவுல வர்றேன்னு அதுல பார்த்துண்டுதானே நாங்கள்லாம் வாசலுக்கு எறங்கி வர்றோம்."