கண்ணாடிக்குப் பல் வைத்தியம்

காரின் முன்கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த உப்புக் கறையைப் பல் டாக்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம்தான் தேய்ந்தது.

மனைவி போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"காரை வாங்குறவரும் அவரோட மெக்கானிக்கும் நேத்தே தெருவுல வண்டியைப் பார்த்தாங்களாம். பிடிச்சிருக்காம். இப்ப கிளம்பி வர்றாங்க!"

"ஐயையோ, கிட்ட வந்து இந்தக் கறையைப் பார்த்தா மனசு மாறிடுமே!"

வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. இந்தக் குட்டிக் காரில் அவர்களையும் அவர்கள் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றினால் டாக்டர் பின்னாலேயே நடந்துதான் வர வேண்டும். இது விலைபோனால்தான் பெரிய வண்டி வாங்க முடியும்.

"வினிகர் ஊத்தித் துடைங்க."

"தினமும் பல்லுல படிஞ்ச கறையை எடுக்கிறவன் நான். எனக்கே பாடமா?"

டாக்டர் பற்பசையைப் பிதுக்கித் தேய் தேய் என்று தேய்த்தார். அடித்த வெயிலில் அது அப்படியே காய்ந்து, கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினார். பற்பசை போனது. பழைய புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகள் முளைத்தன.

"இந்த உப்புத் தண்ணியாலதான் கறையே வந்துச்சு. அதையே ஊத்தினா எப்படிங்க?"

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. பையைத் திறந்து பல் கறை சுரண்டும் கம்பியை எடுத்தார். மனைவி பாய்ந்து பிடுங்கினாள்.

"அடுத்து என்ன, மரத்துப்போக ஊசி போடுவீங்களா?"

வேறு வழியில்லாமல் வினிகரில் துணியை நனைத்துக் கண்ணாடிமேல் சற்று நேரம் போர்த்தி வைத்தார். பிறகு குடிதண்ணீர் விட்டுத் துடைத்தார். கறை சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது! வெட்கமாக இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. மூலை முடுக்கு விடாமல் துடைத்துத் தள்ளினார். தொட்டால்தான் அங்கே கண்ணாடி இருப்பதே தெரிந்தது.

"முதல்லயே சொன்னேன்ல?" என்று மனைவி சிரித்தாள்.

"சொன்னே, சொன்னே. பெரிய வண்டியில முன் சீட்டு உனக்குத்தான்."

வாங்குபவர் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார். மெக்கானிக் எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டினார், டயரைப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் மனதுக்குள் புது வண்டியையே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக் முன்கண்ணாடி அருகே வந்ததும் நின்றார். விரலால் ஒரு முறை தடவினார். வாங்குபவரைத் தள்ளிக்கொண்டு போய் ரகசியமாகப் பேசினார். ஆனால் அவருடைய ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

"சார், நேத்து நாம பார்த்த கறை படிஞ்ச கண்ணாடியே இல்ல இது, வண்டி எங்கயோ போய் பலமா மோதி, ராத்திரியோட ராத்திரியா புதுசு மாட்டியிருக்காங்க, வாங்க போயிடலாம்!"